அப்பாவைப் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். இவர்கள் யார் யார்?

காலடிப்பேட்டை ஜெராக்ஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். காலடிப்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு 79 வயது. பெரம்பூர் பின்னி மில்லில், 1996-ல் மூடும்வரை தறியில் வேலை பார்த்தவர். போன மாதம் விடியற்காலை மூன்று மணிக்கு பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் ஐந்து தையல். பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தோம்.

பில்லில் 'முதியோர் நலக் குழு' என்று ஒரே வரியில் ஒரு தொகை. கவுன்ட்டரில் கேட்டால் "டீம் சார்" என்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிற வரை வந்தவர்கள் இவர்கள்தான். ஒரு பெண் டாக்டர், சட்டை பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாரா, கடைசியாக எப்போது தனியாகக் கோயிலுக்குப் போனார் என்றெல்லாம் கேட்டார். ஒரு பையன் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி, போனில் நேரம் பார்த்தான். இன்னொருவர் மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார், அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கையில கட்டியிருக்கியே, அதைப் பாரேன்" என்றார். பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒரு பெண் வந்து ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். அப்பாவுக்குப் பேச்சு நன்றாகத்தானே இருக்கிறது? அடுத்து மாத்திரைச் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனவர் ஒருவர், கஞ்சி போதாது என்று சொன்ன டயட்டீஷியன், வீட்டில் எத்தனை படி, யார் சம்பாதிக்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்ட ஓர் அம்மா.

ஏற்கெனவே இதயத்துக்கு ஒரு டாக்டர், சுகருக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் இருக்கிறார்கள். இத்தனை பேர் எதற்கு? வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. சாயங்காலமானால் செத்துப்போன சித்தப்பாவைக் கூப்பிடுகிறார். ராத்திரி ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடுகிறார். யாரிடம் போவது என்றே தெரியவில்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

பில் போட ஒரு வழி, வேறென்ன? அந்தக் காலத்தில் ஒரே டாக்டர், ஒரே ஊசி.

கல்மண்டபம் சிஸ்டர்:

எண்ணூர் தம்பி, அந்த ஒரே ஊசிக் காலத்தில் 79 வயது வரை இருந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள். பில் நியாயமா இல்லையா என்பது வேறு பேச்சு. அதை வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஜெராக்ஸ் தம்பி. கேளுங்கள்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். கடைசி எட்டு வருஷம் முதியோர் வார்டு. வந்த ஏழு பேரையும் எனக்கு நேரில் தெரிந்த மாதிரி இருக்கிறது.

பொத்தான் பற்றிக் கேட்டவர்தான் முதியோர் மருத்துவர். இதய டாக்டர் இதயத்தைப் பார்ப்பார், முட்டி டாக்டர் முட்டியைப் பார்ப்பார். இவர் பார்ப்பது, உங்கள் அப்பா போன வருஷம் செய்துகொண்டிருந்த எந்த வேலையை இந்த வருஷம் விட்டுவிட்டார் என்பதை. குளிப்பது, உடுத்துவது, கக்கூஸ் போவது, சாப்பிடுவது. இதில் எது முதலில் போகிறது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மாத்திரைச் சீட்டைப் பார்த்தவர் மருந்தாளுநர். மூன்று டாக்டர் மூன்று சீட்டு எழுதினால், பெயர் வேறாகவும் உள்ளே மருந்து ஒன்றாகவும் இருப்பது எங்கள் வார்டில் வாரம் ஒன்றாவது வரும். ஒரு தாத்தா அம்லோடிபின் என்கிற பிபி மாத்திரையை இரண்டு கம்பெனிப் பெயரில் காலையும் இரவும் போட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கியது. வீக்கத்துக்கு என்று மூன்றாவது இடத்தில் தண்ணீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகமாகப் போக வைக்கிற மாத்திரை எழுதினார்கள். அதை அவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுவார். ராத்திரி நாலு தடவை எழுந்தார், நாலாவது தடவை விழுந்தார். உங்கள் அப்பா விழுந்ததும் மூன்று மணிக்கு. தண்ணீர் மாத்திரை இருக்கிறதா, எந்த வேளைக்குப் போடுகிறார் என்று பாருங்கள்.

ஸ்பூனில் தண்ணீர் கொடுத்த பெண்ணைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பேச்சும் விழுங்குவதும் ஒரே தொண்டைதான். டீ குடிக்கும்போது இருமுகிறாரா? இருமினால் டீ நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வயசானவர்களுக்கு வருகிற நிமோனியாவில் அப்படி வருவது நிறைய.

மூன்று வார்த்தை சொல்லி, கடிகாரம் வரையச் சொன்னது ஞாபகசக்தியைச் சோதிக்கத்தான். இப்போது முக்கியமான விஷயம். சித்தப்பாவைக் கூப்பிடுவது எந்தத் தேதியில் ஆரம்பித்தது? ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறதி என்றால் அது ஒரு பாதை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு திடீரென்று, காலையில் தெளிவாகவும் சாயங்காலம் குழப்பமாகவும் இருந்தால், அதை டெலிரியம் என்போம். சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை, எதனாலும் வரலாம். வயசானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகும். காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தெளியும், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம். அந்தத் தேதியை ஏழு பேரில் யாராலும் சொல்ல முடியாது. கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும். இதை ஒத்திப்போடாதீர்கள். தூக்க மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

எங்கே போவது என்றால், ஜிஎச், அதாவது சென்னை அரசு பொது மருத்துவமனை. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு முதலில் தொடங்கியது அங்கேதான், 1978-ல். தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன், பின்னால் பத்மஸ்ரீ வாங்கினார். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி எதிர்ப்பக்கம்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மையமும் திறந்திருக்கிறார்கள். அதுவும் அதே நீல வழித்தடம், வண்டி மாற வேண்டாம். கிண்டியில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து, தைலம் உட்பட, மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டு மட்டும் போதாது.

தண்டையார்பேட்டை பிசியோ:

போனில் நேரம் பார்த்த பையன் என் ஜாதி, பிசியோதெரபிஸ்ட். மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்கார 12 நொடிக்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அண்ணே, அப்பாவுக்கு எத்தனை நொடி ஆனது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், பாருங்கள்.

அடுத்த முறை பிபி பார்க்கும்போது படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 இறங்கினால், பாத்ரூம் வழுக்கல் மேல் மட்டும் பழி போடக் கூடாது. அதுவரை கட்டிலில் உட்கார்ந்து காலைக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு எழட்டும். வாக்கர் வாங்கினால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்குப் பிடி இருக்க வேண்டும். நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் வாக்கர் உயரமாகத்தான் இருக்கிறது, தாத்தாக்கள் தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

படி எத்தனை என்று கேட்ட அம்மா சமூகப் பணியாளர். நம்ம பக்கத்து வீடுகள் தெரியுமே. மாடிப்படி ஏணி மாதிரி, கக்கூஸ் பொதுவில், வாசலில் தண்ணீர் ட்ரம். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுதிக் கொடுக்கிற பயிற்சி சுவரில் ஒட்டிவைக்கத்தான் உதவும். காப்பீட்டு அட்டை, முதியோர் உதவித்தொகை, இதெல்லாமும் அவரிடம் கேட்கலாம்.

மீன்கடை மகள்:

எட்டாவதாக ஒரு ஆள் வருவார், அவரைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கு ஒரு ஏஜென்சியில் 'ஹோம் நர்ஸ்' கேட்டோம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் வந்தாள், நல்ல பெண்தான். மூன்றாம் நாள் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்தே ஊற்றினாள். அம்மாவுக்கு மூச்சு முட்டிவிட்டது. அப்புறம் விசாரித்தால் அவள் நர்ஸ் படிப்பு படிக்கவில்லை, ஒரு மாதப் பயிற்சிதான். அவளைத் திட்டி என்ன பயன்? அனுப்பினவர்கள் சொல்லியிருக்க வேண்டும், நாங்களும் கேட்டிருக்க வேண்டும். பதிவு செய்த நர்ஸா, உதவியாளரா என்று முதல் நாளே கேளுங்கள். குளிப்பாட்ட, இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க உதவியாளர் போதும். குழாய், ஊசி என்றால் நர்ஸ்தான்.

பிபி, சுகர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்து அக்கா எங்கள் தெருவுக்கு வருகிறார். உங்கள் தெருவிலும் வருவார், பெயர் கொடுத்துவிடுங்கள். வேறு ஏதாவது வழி கேட்க வேண்டுமென்றால் 14567, முதியோர் உதவி எண்.

காலடிப்பேட்டை ஜெராக்ஸ்:

சிஸ்டருக்கும் எல்லோருக்கும் நன்றி. மாத்திரைகளை எடுத்துக் கொட்டினேன், பதினாலு அட்டை. தண்ணீர் மாத்திரை இருக்கிறது, ராத்திரி வேளையில்தான் போட்டுவந்திருக்கிறார். டீக்கு இருமுகிறார். நான் அதை பீடி இருமல் என்று நினைத்துவிட்டேன். மூன்று மீட்டருக்கு 21 நொடி என்று சீட்டில் இருக்கிறது.

தேதி விஷயம் எனக்குத் தெரியவில்லை, வீட்டுக்காரிதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ராத்திரி முதல் தடவை சித்தப்பாவைக் கூப்பிட்டாராம். அதற்கு முன்னால் பொங்கலுக்கே பால்காரனுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தாராம். என்னிடம் சொல்லவில்லையே என்றால், "சொன்னேன், நீங்க கடையில இருந்தீங்க" என்கிறாள்.

நாளைக் காலை ஜிஎச் போகிறோம். அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன், கடையைப் பூட்டிவிட்டு. கடிகாரம் வரையச் சொன்னதை அப்பா இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை சரியாக வரைந்து காட்டுகிறேன் என்று பால் கணக்கு நோட்டில் நாலு கடிகாரம் வரைந்து வைத்திருக்கிறார். நாலும் நல்ல வட்டம். எதிலும் முள் இல்லை. நோட்டையும் மஞ்சப்பையில் போட்டிருக்கிறேன்.