‘ஆச்சி வீடு’ குழுவில் ஓர் அஞ்சு மார்க் கேள்வி

செல்வி (மாலை 7:10): சித்தி, அரையாண்டுத் தேர்வுக்கு வரலாற்றில் 15 பாடமும் உண்டு. எவ்வளவு படித்தாலும் வருடங்கள் தலையில் நிற்கவில்லை. சுதேசி இயக்கப் பாடத்தில் நம்ம தூத்துக்குடி பற்றிய அஞ்சு மார்க் எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி: “வ.உ.சி. 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்ற கப்பல்கள் வாங்கப்பட்டன. 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி. கைது செய்யப்பட்டார். திருநெல்வேலியில் கலவரம் நடந்தது.”

மாமா: எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

சித்தி: தகவல் எல்லாம் சரிதான் அண்ணா. ஆனால் ஏழு வாக்கியமும் தனித்தனியாக நிற்கின்றன. கப்பலுக்கும் மில்லுக்கும் என்ன தொடர்பு? மில் வேலைநிறுத்தத்துக்கும் கைதுக்கும் என்ன தொடர்பு? இதில் ஒன்றுமே இல்லை. செல்வி, வருடம் மறந்து போவதற்குக் காரணமே இதுதான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்து “ஏன் அப்போது?” என்று கேள்.

அப்பா: தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இப்போது போய் ஏன், எதற்கு என்று உட்கார்ந்தால் பாடம் முடியுமா? புக் பேக் கேள்விகளை மட்டும் நன்றாகப் பார்த்தால் போதாதா?

சித்தி: அத்தான், புக் பேக் ஒன் வேர்டுக்குக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும். மொத்தம் 90 மார்க்கில் 20 அதுதான். மீதி 70 எழுதி வாங்க வேண்டியது. நான் விடைத்தாள் திருத்தப் போகும்போது பார்க்கிறேன், கைடில் உள்ள அதே வரிகள் கட்டுக்கட்டாக வரும். காரணத்தோடு எழுதிய ஒரு தாள் வந்தால் கை தானாகவே முழு மார்க் போடும்.

சித்தி: செல்வி, கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. அதற்கு முந்தைய வருடம் இதே தேதியில் என்ன நடந்தது?

செல்வி: வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது!

சித்தி: ஆமாம். அங்கிருந்து கிளம்பிய சுதேசி அலைதான் இங்கே வந்தது. வங்காளத்தில் அந்நியத் துணியைப் புறக்கணித்தார்கள். நம்ம ஊரில் ஏன் கப்பல்?

செல்வி: துறைமுகம் இருப்பதாலா?

சித்தி: அது பாதிதான். தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போக்குவரத்தைப் பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கையில் வைத்திருந்தது. நம் வியாபாரிகள் அவர்கள் கேட்ட கட்டணத்தைத்தான் கொடுக்க வேண்டும். சுதேசிக் கப்பல் வந்ததும் அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள். கடைசியில் பயணிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். பெரிய கம்பெனி நஷ்டம் பார்க்காமல் இறங்கி வந்தது என்றால், எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று பார்.

அண்ணன்: சுதேசிக் கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல்தான். அதையும் பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கடி கொடுத்து நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் காலியாவும் லாவோவும். செல்வி, “வாங்கப்பட்டன” என்று ஒரே வார்த்தையில் கடந்து விடாதே. அதற்குள் ஒரு பெரிய போராட்டமே இருக்கிறது.

ஆச்சி (குரல் பதிவு): எங்க அப்பா அந்த கோரல் மில்லுலதான் வேலை பார்த்தாரு. மில் சங்கு ஊதினாத்தான் தெருவுல அடுப்பு பத்த வைப்பாங்க. அப்பா முடியில எப்பவும் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா எடுத்து விட்டுக்கிட்டே சோறு போடும்.

செல்வி: ஆச்சி, இதை எழுதலாமா?

சித்தி: விடைத்தாளில் வேண்டாம், ஏனென்றால் அது 1908-க்கு ரொம்பப் பிந்திய காலம். ஆனால் ஒரு நோட்டில் எழுதி வை, ஆச்சியிடம் இன்னும் கேள். சங்குக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று புரிந்தால், 1908-இல் அவர்கள் ஏன் கூலி உயர்வோடு வார விடுமுறையும் கேட்டார்கள் என்பது புரியும்.

மாமா: நல்ல விஷயம்தான். ஆனால் வரலாறு எடுத்தால் மேலே என்ன படிப்பது? எல்லாரும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள்.

அண்ணன்: ஐந்து வருட சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பானாலும் சரி மாமா. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. இரண்டிலும் தேசிய இயக்கம் பாடத்திட்டத்தில் உண்டு. பி.ஏ. வரலாறு படித்து, பி.எட். முடித்து ஆசிரியராகவும் போகலாம். அவளுக்குப் பிடித்திருக்கிறது, படிக்கட்டும்.

சித்தி: மில்லுக்கு வருவோம். பிப்ரவரி 27-இல் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். மார்ச் 12-இல் கைது. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் இரண்டு வாரம்தான். இப்போது சொல், அரசாங்கம் எதற்குப் பயந்தது?

செல்வி: வியாபாரிகளையும் தொழிலாளர்களையும் ஒரே ஆள் சேர்த்துவிட்டார் என்று!

சித்தி: அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். திரும்ப எழுது.

செல்வி (இரவு 8:55): “வங்கப் பிரிவினையால் எழுந்த சுதேசி இயக்கம் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனியாக வடிவெடுத்தது. கொழும்பு வழித்தடத்தில் ஆங்கிலேயரின் ஆதிக்கத்தை உடைக்க வ.உ.சி. 1906-இல் அதைத் தொடங்கினார். கட்டணப் போட்டியில் ஆங்கிலேயக் கம்பெனியால் அதை ஒழிக்க முடியவில்லை. 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வெற்றியால் இயக்கம் எளிய மக்களிடமும் பரவியது. இதைத் தடுக்கவே அரசு தலைவர்களைக் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர்.”

பெரியம்மா: படிக்கும்போதே கண் கலங்குகிறது தங்கம்.

சித்தி: அருமை. முடிவில் இரண்டு வரி சேர்: வ.உ.சி.க்கு விதித்த இரட்டை ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

அப்பா: கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதும் 1911-தானே? அது நடந்த வாஞ்சி மணியாச்சி ஜங்ஷனைத் தாண்டும்போதெல்லாம் என் அப்பா சொல்வார்.

சித்தி: ஆமாம் அத்தான், ஜூன் 17. அது தனிக் கேள்வியாக வரலாம், இதோடு கலக்க வேண்டாம். செல்வி, நாளைக்கு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் எழுதி அனுப்பு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பினார். அந்த நாளில் தொடங்கு.

செல்வி: ஏப்ரல் 13... 1919-இல் ஜாலியன்வாலா பாக் நடந்த நாள்தானே சித்தி?

சித்தி: அதேதான். சாப்பிட்டுவிட்டு எழுது.