மேய்ச்சலும் காடழிப்பும் ஒன்றா? ஹெசரகட்டாவை வைத்து ஒரு விவாதம்

அல்சூர் கதிர்:
பெங்களூருக்கு வடமேற்கே இருக்கும் ஹெசரகட்டா புல்வெளியைப் பாதுகாப்புப் பகுதியாக்க 2024இல் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் கொடுத்தது. "முதலில் மாடுகளை வெளியேற்றுங்கள், மேய்ச்சலும் காடழிப்புதான்" என்று பானு அக்கா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி காடு என்றால் அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரங்கள், 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல். அந்த நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போனால்தான் காடழிப்பு. அமேசானில் மரத்தைச் சாய்த்து, தீ வைத்து, புல் விதைத்து மாடு விடுகிறார்களே, அது. இருக்கிற புல்லை மாடு மேய்வதற்கும் அதே குற்றச்சாட்டா?

பானு, ஜாலஹள்ளி:
தம்பி, அந்த 10 சதவீதத்தில்தான் ஓட்டையே. முக்கால்வாசி நிழல் விழுந்த காட்டில் மந்தை புகுந்து, முளைக்கிற கன்றையெல்லாம் கடித்து, கடைசியில் 15 சதவீதம் மிஞ்சினாலும் ஏட்டில் அது காடுதான். இயற்கைக் காட்டை அழித்துத் தைலமரம் நட்டாலும் காடுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது: 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்து மாட்டிறைச்சியும் சோயாவும் அங்கே விற்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் பிரேசிலின் செராடோ என்னும் மரங்கள் கலந்த புல்வெளியில் மரங்கள் கலைந்து நிற்பதால், அதன் பெரும்பகுதி இந்தச் சட்டமும் எடுத்துக்கொண்ட அதே வரையறைக்குள் வரவில்லை. அதை உழுது போட்டால் அந்தச் சட்டம் கேட்காது.

அல்சூர் கதிர்:
அக்கா, செராடோ என் பக்கம்தான் பேசுகிறது. மரத்தை மட்டும் எண்ணினால் புல்வெளியெல்லாம் தரிசு ஆகிவிடும். ஹெசரகட்டாவுக்குக் குளிர்காலத்தில் பூனைப்பருந்து வருவதே திறந்தவெளி இருப்பதால்தான். அங்கே மரம் நடுவதும் அழிவுதான்.

பீன்யா சென்னியப்பன்:
நான் காங்கேயத்துக்காரன். எங்கள் கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, இரண்டு பேரும் ஒருமுறை வந்து பாருங்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், அதன் கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு கொரங்காட்டில் புல் குறைந்ததும் மாட்டை அடுத்த கொரங்காட்டுக்கு மாற்றிவிடுவோம். கோடையில் புல் காய்ந்தாலும் உதிர்கிற வெள்வேலங்காயைப் பொறுக்கித் தின்னும். மரமும் மாடும் சேர்ந்தே பிழைக்கின்றன.

பானு, ஜாலஹள்ளி:
அண்ணா, கொரங்காடு பட்டா நிலம். புல் தீர்ந்தால் நட்டம் உங்களுக்கே, அதனால் அளவோடு விடுகிறீர்கள். பொது நிலத்தில் யார் நிறுத்துவார்? 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதும் மேய்ச்சலுக்குத் தடை போட்டது சும்மாவா?

அல்சூர் கதிர்:
அதே நீதிமன்றம்தான் பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. ஒரேயடியாகத் தடுத்தால் காட்டில் பட்டி போட்டு வளர்க்கிற பர்கூர் மலைமாடு எங்கே போகும்? நிலம் மாறியதா, புல் திரும்ப வளர்கிறதா என்று பாருங்கள். எத்தனை மாடு, எந்த மாதம் என்பதை ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

பானு, ஜாலஹள்ளி:
சரி, எண்ணுவது யார்? மழை பொய்த்த வருடம் புல் விதை உதிர்க்கும் முன்பே மேய்ந்துவிட்டால் மறுவருடம் முளைக்காது. அந்த வருடம் மேய்ச்சலை மூடும் அதிகாரம் யாருக்கு? அதை எழுத்தில் வையுங்கள், அப்புறம் மாட்டை விடுவது பற்றிப் பேசலாம்.