குழாய்ச் சுவர் மெலிந்து மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கிராண்ட்பாஸ் பட்டறை:
எட்டு வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. வெப்பப் பரிமாற்றி ஒன்றின் யூ வளைவுக் குழாய்கள், வெளிவிட்டம் 19.05 மில்லிமீற்றர், கார்பன் எஃகு. சுவர் 1.65 என்று வரைபடத்தில் கையெழுத்திட்டவன் நான். மூன்றாம் வருடம் ஒழுக்கு. போமன் (மேற்பார்வையாளர்) ஐயா ஒழுகிய குழாயை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். வளைவின் வெளிமுதுகில் ஊசிமுனை அளவு வெளிச்சம். ஒன்றும் பேசாமல், களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடந்த புதுக் குழாயையும் பிளந்து மைக்ரோமீற்றரை என்னிடம் நீட்டினார். நேர்ப்பகுதியில் 1.50. வளைவின் முதுகில் 1.28. நேர்க்குழாய்க்குப் போட்ட கணக்கையே வளைவுக்கும் வைத்திருந்தேன்.

முகத்துவாரம்:
தம்பி, பழி முழுவதையும் வளைவின் மேல் போடாதீர்கள். உங்கள் குழாய் 10 பார் அழுத்தத்தைத் தாங்க, உலோகத்துக்கு அனுமதித்த தகைப்பு 90 மெகாபாஸ்கல் என்றால், 0.11 மில்லிமீற்றர்ச் சுவரே போதும். மீதியெல்லாம் அரிப்புக்கும் வளைவுக்கும் ஆலையில் வரும் அளவு ஏற்றத்தாழ்வுக்கும்தான். நேர்ப்பகுதியே 1.50 என்றால் உங்களுக்கு வந்தது சராசரிச் சுவர்க் குழாய். அதில் சுவர் சொன்ன அளவிலிருந்து பத்து சதவீதம் குறையலாம். எனக்கும் ஒருமுறை அப்படியே வந்தது, பெட்டியைத் திறந்த அன்றே அளந்ததால் தப்பினேன். இனி இப்படிச் செய்யுங்கள். அழுத்தத்துக்கு வேண்டிய தடிப்போடு அரிப்புக்கான அளவைக் கூட்டுங்கள். குழாயின் விட்டத்தை வளைவு ஆரையின் நான்கு மடங்கால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதனால் அந்த மொத்தத் தடிப்பைப் பெருக்குங்கள். ஆரை விட்டத்தின் ஒன்றரை மடங்கு என்றால் 1.17 வரும். கொள்வனவுக் கட்டளையில் ‘குறைந்தபட்சச் சுவர்’ என்று எழுதுங்கள். பந்துமுனை மைக்ரோமீற்றரால் அளவிடுங்கள். தட்டைமுனை குழாயின் உள்வளைவில் கூடுதலாகவே காட்டும்.

தெமட்டகொடை:
அண்ணா, நீங்கள் உள்ளழுத்தத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறீர்கள். நான் கண்டது வெளியழுத்தம். கழுவுவதற்காகக் குழாய்களிலிருந்த நீரை வடித்தார்கள். வெளிப்புற நீராவியை அடைக்க மறந்துவிட்டார்கள். மறுநாள் தூரிகைக் கம்பியை விட்டேன், ஒரு முழத்தில் நின்றுவிட்டது. அடுத்ததிலும் அப்படியே. இழுத்தெடுத்தபோது, உள்ளே அரித்து மெலிந்த குழாய் மிதிபட்ட பப்பாசித் தண்டு போலத் தட்டையாக வந்தது. மெல்லிய நீண்ட குழாயின் சுவர் பாதியானால், அது தாங்கும் வெளியழுத்தம் எட்டில் ஒன்றாகிவிடும். அந்தக் கணக்கை அங்கே ஒருவரும் போட்டிருக்கவில்லை, நானும்தான்.

கிராண்ட்பாஸ் பட்டறை:
முகத்துவாரம் அண்ணா, பழைய கட்டளையின் பிரதியைத் தேடி எடுத்தேன். 1.65 என்று மட்டும் இருக்கிறது. ‘குறைந்தபட்சம்’ என்ற சொல் இல்லை.