தியாத்லோவ் கணவாய்: உங்களை விடாமல் உறுத்தும் அந்த ஒரு இடம்

உறைபனி:
1959 பிப்ரவரி 1 ராத்திரி, சோவியத் யூரல் மலையில் கோலாத் சியாக்கில் சரிவு, ஸ்கீ பயணம் போன ஒன்பது பேர். கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, சிலர் குளிரிலும் சிலர் விலா, மண்டை உடைந்தும் செத்துப்போனார்கள். முன்கதை இவ்வளவுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னை உறுத்துவது கத்திக் கீறல். கூடாரத் துணியின் உட்பக்கத்தில், கிழிசலை ஒட்டியே, மெல்லிய கீறல்கள் இருந்தன. கத்தி முனை முதலில் துணியில் ஏறவில்லை, உரசிக்கொண்டு வழுக்கியிருக்கிறது. மறுபடி குத்திய பிறகுதான் கிழிந்திருக்கிறது. வெளியே நின்று யாராவது கிழித்திருந்தால் அந்தக் கீறல் வெளிப்பக்கம் விழுந்திருக்க வேண்டும். அந்தப் பகுதிப் பழங்குடிகளான மான்சி மக்கள் தாக்கினார்கள் என்று இன்னமும் எழுதுகிறார்களே, அவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். வாசல் பக்கம் போகக்கூட நேரமில்லாத அவசரம் உள்ளே இருந்தவர்களுக்கு. அது என்ன அவசரம்?

வடகாற்று:
பனிதான். ‘அந்தச் சரிவில் பனி சரியவே சரியாது’ என்ற வாதத்தை 2021-ல் கோம், புஸ்ரின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் கணக்குப் போட்டு உடைத்துவிட்டார்கள். பனி மூடியிருப்பதால் மேலே பார்க்கச் சாய்வு குறைவு. அடியில் தரை 28 பாகை வரை போகிறது. கூடாரத்தைச் சமமாகப் போட இவர்கள் சரிவை வெட்டினார்கள், மேலே இருந்த பனிக்கு அந்த இடத்தில் முட்டு போய்விட்டது. வெட்டியதும் விழவில்லையே என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. காற்று ராத்திரி முழுக்க மேட்டிலிருந்து பனியை வாரிக்கொண்டு வந்து கொட்டியது. அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் பலவீனமான அடுக்கு, மேலே கூடிக்கொண்டே போகும் எடை. வெட்டியதிலிருந்து ஏழரை மணி முதல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் அது விடும் என்று வந்தது கணக்கு. பெரிய சரிவுகூட வேண்டாம், ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து வழுக்கும் பனி, அதாவது ஒரு ‘பலகை’, போதும். கூடாரத்துக்கு அடியில் ஸ்கீ கட்டைகளைப் பரப்பி அதன்மேல் படுத்திருந்தார்கள். கீழே கட்டை, மேலே பனிப்பலகை, நடுவில் நெஞ்சு. விலா முறிந்ததற்கு வேறு என்ன வேண்டும்?

எனக்கு மறக்காதது அவர்கள் கேமராவில் இருந்த கடைசிப் படங்களில் ஒன்று. பறக்கும் பனிக்குள் குனிந்து அந்தச் சரிவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்வரை:
வடகாற்று அண்ணா, பலகை விழுந்ததை நான் மறுக்கல. காயத்தையும் அதோட சேர்த்துக் கட்டுறீங்களே, அங்கதான் இடிக்குது. கூடாரத்துலேர்ந்து அவங்க போய்ச் சேர்ந்த சீடர் மரம் ஒன்றரை கிலோமீட்டர். கீழ இறங்கின காலடித் தடம் எட்டு ஒன்பது பேருக்கு இருக்கு, எல்லாம் நடந்த தடம். ஒருத்தரை ஒருத்தர் தூக்கிட்டுப் போன மாதிரியோ இழுத்த மாதிரியோ யாரும் குறிக்கல. குழுவுல ஒருத்தரான திபோ-பிரின்யோலுக்கு மண்டை உடைஞ்சிருந்துச்சு, அந்தக் காயத்தோட நடந்திருக்க முடியாதுன்னு பிரேதப் பரிசோதனை பண்ண வஸ்ரோஷ்தென்னியே சொல்லிட்டார். விலா முறிஞ்ச துபினினா அடிபட்டப்புறம் பத்திலேர்ந்து இருபது நிமிஷம்தான் உயிரோட இருந்திருப்பாங்கன்னார். அப்ப அடி பட்டது எங்க? ஓடைப் பள்ளத்துல. இவங்க ரெண்டு பேரையும் சேர்த்து நாலு பேர் கிடந்ததே அங்கதான், மூணு நாலு மீட்டர் பனிக்கு அடியில, ஓடைக் கல்லு மேல.

எனக்கு மனசுல நிக்கிறது டார்ச். இடிஞ்ச கூடாரத்து மேல ஒரு டார்ச் இருந்துச்சு. அதுக்கு அடியில அஞ்சு பத்து சென்டிமீட்டர் பனி, அது மேல பனியே இல்ல. அதை யார் எப்ப வச்சாங்க? கூடாரத்து மேல ஏற்கெனவே பனி படிஞ்சதுக்கு அப்புறம்தானே வச்சிருக்கணும்?

உறைபனி:
கல்வரை தம்பி, 2020-ல் ரஷ்ய அரசு வழக்கறிஞர் அலுவலகம் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். பனி மறுபடி விழும் என்று பயந்து 50 மீட்டர் தள்ளியிருந்த பாறை வரிசைக்கு ஒதுங்கினார்கள், திரும்பிப் பார்த்தால் 16 மீட்டருக்கு மேல் கண் தெரியவில்லை, கூடாரத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. இதில் பலகை அடித்துத்தான் எல்லோருக்கும் காயம் என்று வைத்தே தீர வேண்டியதில்லை.

சீடர்நிழல்:
‘குளிரில் புத்தி பேதலித்து உடையைக் கழற்றிவிட்டார்கள்’ என்று வேறு இடங்களில் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உறைந்து சாகும் கட்டத்தில் சிலர் உடையைக் கழற்றுவது உண்மைதான். இங்கே நடந்தது அதுவல்ல. சீடர் மரத்தடியில் தோரொஷென்கோவும் கிரிவோனிஷென்கோவும் உள்ளாடையோடு கிடந்தார்கள். அவர்களுடைய துணிகள் ஓடையில் கிடந்தவர்கள் உடம்பில் இருந்தன. துபினினாவின் காலில் கிரிவோனிஷென்கோவின் கால்சட்டைத் துண்டு சுற்றியிருந்தது. செத்தவனின் உடையை வெட்டியெடுத்து உயிரோடிருப்பவர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெளிவான புத்தி இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

சில உடைகளில் கண்டுபிடித்த கதிரியக்கமும் இதே துணிக் கதைதான். ஒரு ஸ்வெட்டரில் 150 சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 9,900 சிதைவு. ஓடும் தண்ணீரில் மூன்று மணி நேரம் அலசியதும் 5,200. அலசினால் போகிறது என்றால் அது துணியில் ஒட்டிய தூசு. கிரிவோனிஷென்கோ மாயாக் அணு ஆலையில் வேலை பார்த்தவர், 1957 செப்டம்பரில் அங்கே கழிவுத் தொட்டி வெடித்தது. ரகசிய ஆயுதம் வரைக்கும் போக வேண்டிய தேவையே இல்லை. துபினினாவுக்கு நாக்கும் கண்ணும் இல்லாததற்கு, மூன்று மாதம் பனிக்கடியிலும் உருகிய ஓடை நீரிலும் கிடந்த உடல் என்பதே போதும்.

பனிமேடு:
என்னை உறுத்துவது ஸ்டவ். கூடாரத்துக்குள் தொங்கவிடும் ஸ்டவ் கையில் இருந்தும் அன்றைக்கு மாட்டவில்லை. அவ்வளவுதான் என் பங்கு.

இமயமலைக்குக் குளிர்காலத்தில் கிளம்புகிறவர்கள் இங்கே படிக்கிறீர்கள், அதனால் கேளுங்கள். சாய்வைக் கண்ணால் நம்பாதீர்கள், போனில் சாய்வுமானி இருக்கிறது, நடைக்கான ஸ்டிக்கைச் சரிவின் மேல் படுக்கவைத்து அதன்மேல் போனை வைத்து அளந்து பாருங்கள். 30 முதல் 45 பாகைக்குள்தான் பெரும்பாலான பலகைகள் விடும், ஆனால் காற்று கொண்டுவந்து குவித்த பனி என்றால் 28-ம் ஆபத்து. கூடாரம் போடும் இடத்துக்கு மேலே என்ன சாய்வு என்பதுதான் முக்கியம், படுக்கும் இடம் சமமாக இருப்பதில் ஒன்றும் இல்லை. பனி அடுக்கு எவ்வளவு உறுதி என்று குழி வெட்டிப் பாருங்கள். 30-க்கு 30 சென்டிமீட்டரில் ஒரு தூண் செதுக்கி, மண்வெட்டியை மேலே வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. முதல் பத்துக்குள் பெட்டி இழுத்த மாதிரி நேராக வழுக்கி வந்தால் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். தூண் நொறுங்கி உதிர்ந்தால் அவ்வளவு பயமில்லை. காற்று மறைவான பக்கம் சுகமாகத்தான் இருக்கும், பனி குவிவதும் அங்கேதான். பூட்ஸைப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வையுங்கள், வெளியில் விட்டால் காலைக்குள் கல்லாகிவிடும். கத்தி கழுத்தில் தொங்கட்டும். ராத்திரி வெளியே போவதென்றால் கயிற்றின் ஒரு முனை கூடாரத்தில் இருக்க வேண்டும். பனிக்குகை தோண்டினால் படுக்கும் மேடை வாசலைவிட உயரமாக, கூரைப் பனியின் தடிமன் ஒரு முழத்துக்குக் குறையாமல், மேலே கை முஷ்டி அளவு காற்றோட்டத் துளை. அந்தத் துளையை ஸ்டிக்கால் அடிக்கடி குத்தி விடாவிட்டால் மூடிக்கொள்ளும்.

வடகாற்று:
பனிமேடு, அறிவுரை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கயிறு விஷயம் சரி. கல்வரைக்கு: 1978 பிப்ரவரியில் ஸ்வீடனின் அனாரிஸ் மலையில் ஒன்பது பேர் திடீர்க் காற்றில் மாட்டினார்கள், எட்டுப் பேர் போய்விட்டார்கள். அங்கே பலகையும் இல்லை, உடைந்த மண்டையும் இல்லை. காற்று மட்டுமே ஒரு குழுவை முடித்துவிடும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளிருந்து கத்தி போட வைப்பது காற்று அல்ல.

ஓடைக்கரை:
எல்லோரும் கூடாரத்தையே சுற்றுகிறீர்கள். சீடர் மரத்திலிருந்து 75 மீட்டரில் இருந்த அந்தக் குழியைப் பாருங்கள். ஃபிர் மரக் கன்றுகளை வெட்டிப் பனிக்குள் ஒரு தளம் போட்டிருந்தார்கள், 14 ஃபிர், ஒரு பிர்ச். கையுறைகூட ஒழுங்காக இல்லாத இருட்டில், கத்தியால் வெட்டியவை. தளத்தின் மேல் நாலு இடத்தில் துணியை மடித்து உட்கார இடம் போட்டிருந்தது. நாலு ஆளுக்கு நாலு இருக்கை. ஒருவரும் அதில் உட்கார்ந்திருக்கவில்லை. நாலு பேரும் அங்கிருந்து சில மீட்டர் தள்ளி ஓடையில். குழி இடிந்ததா, விளிம்பு உடைந்து விழுந்தார்களா, என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கல்வரை சொன்ன இடம்தான் எனக்கும் பொருந்துகிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்ததே மே மாதம்தான். பனி இறங்கிய பிறகு, தேடப் போன மான்சிக்காரர் ஒருவர் நாயோடு நடந்தபோது வெட்டுப்பட்ட கிளை நுனிகள் வரிசையாகக் கிடந்தன. பிப்ரவரி இருட்டில் இழுத்துக்கொண்டு போனபோது உதிர்ந்தவை. அந்த வரிசையைப் பிடித்துப் போய்தான் ஓடையைத் தோண்டினார்கள்.