கோயில் வாசலில் கேட்பவருக்குக் காசு கொடுப்பது பாவமா?

எஸ்தர் அக்கா:
இரண்டு நாளாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. கோயில் வாசலில் கை நீட்டுகிறவர்களுக்குக் காசு கொடுப்பவன் சோம்பேறித்தனத்துக்குத் துணைபோகிறானாம். இயேசு சொன்ன கதையில், கள்ளர்கள் அடித்துப் போட்ட வழிப்போக்கனைக் காப்பாற்றிச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனே காசைக் காயப்பட்டவன் கையில் கொடுக்கவில்லையாம், சத்திரத்தான் கையில்தான் கொடுத்தானாம். படித்ததும் வயிறு எரிந்தது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்ள இப்படி ஒரு வசன ஆதாரமா?

தாமிரபரணி72:
எழுதியது நான்தான் அக்கா, நேரடியாகவே திட்டலாம். லூக்கா 10:35-ஐ எடுத்து வாசியுங்கள். இரண்டு பணத்தை, அதாவது இரண்டு வெள்ளிக்காசை, சத்திரத்தான் கையில் கொடுத்தான். ஊருக்குப் போக பஸ் காசில்லை என்று ஒருவர் அழுதார், 500 ரூபாய் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அதே வாசலில் அதே அழுகை. ஏமாந்தவனுக்குத்தான் வலி தெரியும்.

ரோமர்12:
அண்ணே, குற்றுயிராகக் கிடந்தவன் கையில் எப்படிக் கொடுப்பது? முந்தின வசனத்தை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பராமரித்தான். காசுப் பேச்சே மறுநாள்தான் வருகிறது.

தாமிரபரணி72:
வந்தது யார் கையில்? அதைச் சொல்லுங்கள் தம்பி. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக் கூலி நாளுக்கு ஒரு பணம். அப்படியானால் இது இரண்டு நாள் கூலி. அதைப் பொறுப்பான ஆளிடம் ஒப்படைத்தான். ஆதிச் சபையும் அப்படித்தான். பந்தி விசாரிப்புக்கு ஏழு பேர், அப்போஸ்தலர் 6. விதவைகள் பட்டியலில் சேர 60 வயது, 1 தீமோத்தேயு 5:9. கேட்டவருக்கெல்லாம் அள்ளி வீசவில்லை.

எஸ்தர் அக்கா:
அந்த ஏழு பேரை எதற்கு வைத்தார்கள்? கிரேக்கு பேசின விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு வந்ததால். தப்பு வாங்கினவர்களிடம் இல்லை, பந்தி நடத்தினவர்களிடம். 60 வயது என்பது சபையே தாங்க வேண்டிய விதவைகளுக்கு. ஒரு வேளைச் சோற்றுக்கு வயது கேட்கச் சொல்லிப் பவுல் எங்கே எழுதினார்?

எங்கள் வரிசையில் ஒரு அம்மா உட்காருவார். காணிக்கைப் பை வரும்போது மூடின கையை உள்ளே விட்டு எடுப்பார், காசு விழுகிற சத்தம் கேட்காது. சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகின பிறகுதான் தெரிந்தது. அவர் எந்த வாசலிலும் நிற்க மாட்டார், எந்த மனுவும் எழுத மாட்டார். உங்கள் சத்திரத்தான் அவரை எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஆரோக்கியமாதா பிள்ளை:
எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கினது. இன்றைக்கும் இரண்டு பேராக வீட்டுக்கே போவார்கள். அடுப்பு மூட்டின வீடா இல்லையா என்பது உள்ளே போனதுமே தெரிந்துவிடும், துருவிக் கேட்க வேண்டியதே இல்லை.

தாமிரபரணி72:
பார்த்தீர்களா, கத்தோலிக்கரே போய்ப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நான் சொன்னதும் அதுதானே? அப்புறம் வேளாங்கண்ணியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் வீட்டுக்கு யார் போவது?

ஆரோக்கியமாதா பிள்ளை:
வேளாங்கண்ணியை எதற்கு இழுக்கிறீர்கள்? ஒருவர் கஷ்டத்தைப் பார்க்கப் போவது வேறு, பொய்யைப் பிடிக்கப் போவது வேறு. உங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் என்று பொது விருந்து போட்டுவிட்டால் ஏழை மறுநாள் சாப்பிட வேண்டாமா?

ரோமர்12:
அசனத்தை விடுங்கள் ஐயா, அது பெரியவர்கள் உண்டாக்கின நல்ல வழக்கம். தாமிரபரணி அண்ணனுக்குத்தான் கேள்வி. 4-ஆம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர், ஐசுவரியவானும் அவன் வாசலில் கிடந்த ஏழை லாசருவும் வருகிற கதையை வைத்துப் பிரசங்கம் பண்ணினார். ஏழைக்கு அவன் தேவையே போதுமான சிபாரிசு, அவன் நடத்தையைத் துருவாதே என்றுதான் அதில் சொன்னார். கேட்கிறவனுக்குக் கொடு என்று மத்தேயு 5:42-இல் ஆண்டவர் சொன்னதற்கு உங்கள் பதில் என்ன?

தாமிரபரணி72:
கிறிசோஸ்தோம் வேதாகமம் இல்லை. 5:42-ஐ அப்படியே எடுத்தால் குடிக்கக் கேட்பவனுக்கும் கொடுக்க வேண்டும், கொடுப்பீர்களா? வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று 2 தெசலோனிக்கேயர் 3:10-இல் இருக்கிறது. சுற்றி வளைக்க வேண்டாம். சத்திரத்தான் கையிலா, இல்லையா?

எஸ்தர் அக்கா:
காயப்பட்டவன் கையில் கொடுக்கக் கூடாது என்று அந்த வசனத்தில் எங்கே இருக்கிறது? அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மருத்துவ நிதிக்கு மனு கொடுத்த ஒரு கிழவியிடம், சபைக்கு உறுப்பினர் கட்டுகிற சங்கக் காணிக்கையின் ரசீது கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இவர்கள்தான் உங்கள் சத்திரத்தார்களா?

தாமிரபரணி72:
ஆக விஷயம் அங்கே வந்துவிட்டது. சபை நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தலில் உங்கள் ஆட்கள் தோற்ற கோபத்தைச் சமாரியன் தலையில் ஏற்றாதீர்கள். ரசீது கேட்பது விதி.

எஸ்தர் அக்கா:
தேர்தலைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டுமென்றால் அசனத்தில் மிஞ்சின அரிசி மூட்டைகள் யார் வீட்டுக்குப் போயின என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

தாமிரபரணி72:
அரிசிக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

ரோமர்12:
ஒட்டின தாளில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கிறது அண்ணே, மூட்டைக் கணக்கு இல்லை.