இல்லாமற்போவதை நினைத்தால் வரும் அச்சம்

கேள்வி:
சென்ற மாசியில் என் தந்தையாரைத் தகனம் செய்து, மறுநாள் காடாற்றச் சென்று பால் தெளித்து எலும்பு பொறுக்கியபோது, அத்தனை பெரிய உருவம் ஒரு சிறு மண்கலயத்திற்குள் அடங்கிவிட்டதைக் கண்டதிலிருந்து எனக்கு உறக்கம் வருவதில்லை. வலிக்கு அஞ்சவில்லை, நான் இல்லாமற்போவதை நினைத்தால்தான் நெஞ்சு படபடக்கிறது. இதிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறீர்களா?

பதில் 1:
ஒருமுறை ஸ்ரீவாஞ்சியம் சென்று வாருங்கள். அங்கே யமனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. அவரை வணங்கிய பிறகே வாஞ்சிநாதரிடம் செல்வது மரபு. திருக்கடையூரில் காலனை உதைத்த இறைவனிடம் ஆயுளை வேண்டுகிறோம். இங்கோ அந்தக் காலனுக்கே முதல் கும்பிடு. எனக்கு ஆறுதல் தந்தது இதுதான்.

பதில் 2:
நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை என்று கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரஸ் வாதிட்டார். பகலில் இவ்வாதம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது; இரவு 2 மணிக்கு அவ்வளவாக இல்லை. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், தத்துவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள் ஐயா.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மேட்டூர் அணையை வழக்கமாகச் சனவரி 28 அன்று அடைத்துவிடுவார்கள் அல்லவா, மாசியில் எங்கள் பக்கம் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆகவே கலயத்தைப் பூம்புகார்க் கடலில் கரைக்கக் கொண்டுசென்றோம். வழி நெடுக அது என் மடியில் இருந்தது. பேருந்து குலுங்கும்போதெல்லாம் உள்ளே மெல்லச் சலசலத்தது.