மெப்கோ ஆண்டு விழாவில் கேட்ட சிவகாசிக் கதை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கிறது மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரி. அக்கா மகன் அங்கே படிக்கிறான். ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டான் என்று நானும் அக்காவும் போயிருந்தோம். மேடையில் வழக்கம்போல நீட்டி முழக்கினார்கள். எனக்கென்னவோ பக்கத்து நாற்காலி அண்ணாச்சி பேசியதுதான் விழா.

சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருப்பவர். “மெப்கோன்னா மெட்டல் பவுடர் கம்பெனி தம்பி. வெடிக்குப் போடுற அலுமினியப் பவுடர் செஞ்சவங்க. ஸ்லெங்க், ஜெர்மனியில அதே தொழில் பாக்குற கம்பெனி. இவங்கதான் பணம் போட்டு 1984-ல காலேஜ் ஆரம்பிச்சாங்க” என்றார்.

அப்புறம் ஊர்க்கதைக்குப் போய்விட்டார். வானம் பார்த்த கரிசல் பூமி, விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பயிருக்கு ஆகாத வெயில் குச்சி காய்வதற்குத் தோதாகிவிட்டது. பட்டாசும் சேர்ந்துகொண்டது. பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே, அதற்காக வந்த அச்சகங்கள்தான் பின்னால் காலண்டர், டைரி என்று பெருத்தன. நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக அங்கே எல்லோரும் சொல்கிறார்கள், அண்ணாச்சியும் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் மருமகன் தன் கூட்டாளியின் அம்மாவை அறிமுகப்படுத்தினான். பட்டாசு ஆலையில் வேலை. கும்பிட்ட கையைப் பார்த்தேன். நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு மினுக்கம். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாதாம். அண்ணாச்சி சொன்ன அதே அலுமினியப் பவுடர்!

2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் போடும் பேரியம் உப்புக்குத் தடை போட்டதும், இனி எப்படித் தொழில் பண்ணுவது என்று ஆலைகளை மாதக்கணக்கில் மூடிவிட்டார்களே, அப்போது வட்டிக்கு வாங்கித்தான் வீட்டை ஓட்டினேன் என்றார் அந்த அம்மா. மாசு குறைந்த ‘பச்சைப் பட்டாசு’ பற்றி டிவியில் எத்தனை விவாதம் பார்த்தோம், இந்த வட்டிக் கணக்கை யாரும் பேசிக் கேட்டதில்லை.

அவர் மகனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். படிப்பு முடிந்ததும் பெங்களூரு என்கிறான். அண்ணாச்சி மகளுக்கும் ஐ.டி. வேலைதான் குறியாம்.

“அப்போ பிரஸ்ஸை யார் பாக்குறது அண்ணாச்சி?”

“பிள்ளைக வேற வேலைக்குப் போகணும்னுதான காலேஜுக்கு அனுப்புனோம்? போகட்டும். எனக்குக் கையி காலு இருக்கிற வரைக்கும் ஓடும்.”

கிளம்பும்போது விசிட்டிங் கார்டு கொடுத்தார். அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவார்களாம், கட்டாயம் வரச் சொன்னார். அக்கா கடைக்கு இந்தத் தடவை காலண்டர் ஆர்டர் அவருக்குத்தான்.